பத்தொன்பதாவது ஆள்

அந்த மனிதரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது முகம் அல்ல, தொப்பை. நீலத்தில் வெள்ளைக் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை ஒன்று வைத்திருந்தார். கிரிக்கெட் மேட்ச் பார்க்கப் போகும் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அதை எடுத்துப் போடுவார். அவருக்கு அது ஒரு சைஸ் சின்னது. தொப்புளுக்கு நேரே இருக்கும் பொத்தான் ஒருநாளும் பூட்டியதில்லை. இடைவெளியில் பனியன் எட்டிப் பார்க்கும். என் அறைத்தோழன் ஜோசப் வாய் சும்மா இருக்காதவன். "அண்ணே, துபாய்ல துணிக்கடைக்கா பஞ்சம்?" என்று கேட்பான். அவர் பனியனை உள்ளே தள்ளிக்கொண்டு, "இது மேட்ச் சட்டை தம்பி" என்பார். அதற்கு மேல் பேச்சு நீளாது.

அவர் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டைம்கீப்பர். அறந்தாங்கிப் பக்கம் ஊர். அல் கூஸில் கம்பெனி கொடுத்த அறையில் இருந்தார். நானும் ஜோசப்பும் கராமாவில் நாலு பேர் படுக்கும் ஓர் அறையில் இருந்தோம். நான் ஏசி வேலை எடுக்கும் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். இரண்டு கம்பெனிக்கும் ஒரே சைட்டில் வேலை நடந்தபோது அவர் பழக்கமானார். எனக்குப் புதிதாக லைசென்ஸ் கிடைத்திருந்தது, பழைய சன்னி கார் ஒன்றும் வாங்கியிருந்தேன். வெள்ளிக்கிழமை எங்கே மேட்ச் நடந்தாலும் போகலாம் என்று கை அரிக்கத் திரிந்த காலம் அது. "நானும் வாரேன் தம்பி. எந்த ஊரா இருந்தாலும் வாரேன்" என்றார். கூட ஒரு ஆள் சேர்ந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன்.

டைம்கீப்பரின் வேலை எளிமையானது. காலையில் சைட்டில் எத்தனை பேர் இறங்கினார்கள், மாலையில் எத்தனை பேர் பஸ் ஏறினார்கள் என்று நோட்டில் எழுத வேண்டும். அந்த வேலை அவரை விட்டு இறங்கவே இல்லை. காரில் நாங்கள் இருப்பதே மூன்று பேர். அதையும் எண்ணுவார். கராமா சிக்னலில் ஏறியதும் விரலால் எங்களைத் தொட்டு, "ஒண்ணு, ரெண்டு, நான் மூணு. சரி, யல்லா, போவோம்." பெட்ரோல் போட நிறுத்தினால் மறுபடி எண்ணுவார். கழிப்பறைக்குப் போன ஜோசப் வரக் கொஞ்சம் தாமதமானால் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, முகம் வெளிறி நிற்பார். "ஆளு வரட்டும். ஆளு வராம வண்டிய எடுக்காதிய." எங்களுக்கு அது பெரிய வேடிக்கை. ஒருமுறை ஜோசப் வேண்டுமென்றே ஒரு லாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். ஐந்து நிமிடம் கழித்துச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தவனை அவர் அறைந்துவிட்டார். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அவனைவிட அதிகமாக அழுதார். அதற்குப் பிறகு ஜோசப் எங்களோடு வருவதைக் குறைத்துக்கொண்டான்.

ஷார்ஜாவில், அஜ்மானில், அபுதாபியில் என்று அவரோடு நான் பார்த்த ஆட்டங்கள் நிறைய. பெரிய ஸ்டேடியமும் உண்டு, டென்னிஸ் பந்தில் கம்பெனி ஆட்கள் ஆடும் மணல் கிரவுண்டும் உண்டு. அவர் கழுத்தில் ஒரு பைனாகுலர் தொங்கும். மூன்றாவது பயணத்தில்தான் கவனித்தேன். ஆடுகளத்தில் விக்கெட் விழுந்து சனம் மொத்தமும் எழுந்து கத்துகிறது. அவருடைய பைனாகுலர் மட்டும் எதிர்ப்பக்கத்து மாடத்தில், வரிசை வரிசையாக இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டிருக்கிறது. உதடு எண்ணுகிறது. யார் அவுட் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

"யாரண்ணே தேடுறீங்க?"

"சேகருன்னு ஒருத்தன். நம்ம பக்கத்து ஊருக்காரன். மேட்ச்சுன்னா உசுர விடுவான். உசுரோட இருந்தா மேட்ச்சுக்கு வராம இருக்க மாட்டான்."

உசுரோட இருந்தா என்பதை அவர் மிகச் சாதாரணமாகச் சொன்னார். அதனால் எனக்கு அது அன்று உறைக்கவில்லை.

சேகர் கம்பி கட்டுகிறவர். முப்பது வயது, ஊரில் மனைவி. நான் அமீரகத்துக்கு வருவதற்கு மூன்று வருடம் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை, ஷார்ஜாவில் மேட்ச். அன்று சைட்டில் எல்லாருக்கும் ஓவர்டைம் டியூட்டி, யாருக்கும் லீவு கிடையாது. "அண்ணே, ஒரு ஆஜர் போட்டுருங்க" என்று சேகர் கெஞ்சியிருக்கிறார். இவர் தன் கையாலேயே டிக்கெட்டும் வாங்கிக் கொடுத்து, நோட்டில் காலையில் வந்ததாகவும் மாலையில் போனதாகவும் எழுதிவிட்டார். இதெல்லாம் எல்லா சைட்டிலும் நடப்பதுதான். காய்ச்சல்காரனுக்கு, எம்பசிக்குப் போகிறவனுக்கு என்று டைம்கீப்பர்கள் செய்யும் சின்ன உபகாரம். மேட்ச்சுக்குப் போன சேகர் திரும்பவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு, ஓடிப்போனவன் என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது. வெளியே அதிகச் சம்பளத்துக்குத் திருட்டுத்தனமாக வேலை பார்க்கிறவர்களைக் கல்லிவல்லி என்பார்கள். சேகரும் கல்லிவல்லி ஆகிவிட்டான் என்று கேம்ப்பில் பேசிக்கொண்டார்கள். அதோடு மறந்தும் போனார்கள். மறக்காதவர்கள் இரண்டே பேர். இவர் ஒருவர், சேகரின் மனைவி இன்னொருவர்.

அந்தப் பெண்ணுக்கு அவர் அறையிலிருந்து போன் செய்ய மாட்டார். கிரவுண்டிலிருந்துதான் செய்வார், பல தடவை என் மொபைலில். ஆட்டம் சூடுபிடித்துச் சத்தம் காதைப் பிளக்கும் நேரமாகப் பார்த்து நம்பரைப் போடுவார். "கேக்குதாம்மா? கிரவுண்டுலதான் நிக்கிறேன். பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று கத்திவிட்டு, போனைக் கூட்டத்தை நோக்கிக் கொஞ்ச நேரம் தூக்கிப் பிடிப்பார். அந்தப் பக்கத்தில் அந்தப் பெண் அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். பத்தாயிரம் பேருடைய கூச்சலில் ஒரு குரலைத் தேடுகிறவள் எப்படி இருப்பாள்? நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு போனிலும் அவர் அடுத்த ஊரின் பெயரைச் சொல்லித்தான் வைப்பார்.

ஊர்கள் தீர்ந்துகொண்டே வந்தன. ஒரு நாள், துபாயிலேயே வெள்ளைக்காரப் பிள்ளைகள் பேஸ்பால் ஆடும் கிரவுண்டு ஒன்று இருக்கிறதாம், அங்கேயும் போகலாம் என்றார். "அங்க நம்மாளு ஒருத்தன் இருக்க மாட்டான்ணே" என்றேன். "மட்டையும் பந்தும் இருக்குல்ல? போய்ப் பாத்துருவோம்" என்றார். போனோம். நாற்பது அம்மா அப்பாக்கள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை எண்ணி முடிக்க அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதனால் எனக்குத் தெரிந்து முதல்முறையாக அவர் ஆட்டத்தைப் பார்த்தார். விதிகளை நான் எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். அடித்துவிட்டு ஓடுகிறவன் மூன்று மூலைகளையும் சுற்றிக்கொண்டு, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். அப்போதுதான் ஓட்டம்.

"வழியில நின்னுட்டா?"

"கணக்குல வராதுண்ணே."

"போனவன் திரும்பி வந்து மிதிச்சாத்தான் எழுதுவானுவளா?"

"ஆமா."

"இது நல்ல ஆட்டம்" என்றார். அங்கே நோட்டும் கையுமாக நின்ற வெள்ளைக்காரரையே ஆட்டம் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

மஸ்கட்டுக்குப் பஸ்ஸில் போனபோதுதான் மீதியைச் சொன்னார். இருபுறமும் புல் பூண்டு இல்லாத மொட்டைப் பாறை மலைகள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, யாருக்கோ ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். பெரிய கட்டடத்துக்கு அஸ்திவாரமே ஓர் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். அடியில் ஒரு கம்பி வலை, மேலே ஒரு கம்பி வலை. நடுவில் ஆட்கள் ஊர்ந்து போய்க் கம்பிகளை முறுக்கிக் கட்டுவார்கள். கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பு எல்லாரையும் வெளியே வரச் சொல்லி, தலை எண்ணிச் சரி என்று சொல்ல வேண்டியவர் டைம்கீப்பர். அந்த வெள்ளிக்கிழமை அவர்கள் சைட்டில் அந்த வேலைதான். மதியத்துக்கு முன்பே கான்கிரீட் லாரிகள் வரிசை கட்டிவிட்டன.

"நோட்டுல பத்தொம்பது பேரு. வெளிய நின்னது பதினெட்டு. ஃபோர்மேன் மேலேருந்து கத்துறான், ஜல்தி ஜல்திங்கிறான். பதினெட்டு சரின்னு எனக்குத்தான தெரியும்? பத்தொம்பதாவது ஆளு ஷார்ஜாவுல ஒக்காந்து மேட்ச்சு பாத்துக்கிட்டு இருக்கான். எழுதுனவனே நான்தான. கலாஸ், முடிஞ்சுது, ஆளு இல்ல, ஊத்துங்கன்னு கைய காட்டிட்டேன்."

பஸ் ஒரு வளைவில் திரும்பியது.

"அண்ணே, அவர் மேட்ச்சுக்குப் போகாம இருந்திருந்தா?"

"போயிட்டான் தம்பி. டிக்கெட்டு குடுத்தேன்ல."

"ஆட்டம் மதியத்துக்கு மேலதான. அதுக்குள்ள பாதியில விட்ட கம்பி கட்டுற வேலைய முடிச்சிட்டுப் போவோம்னு உள்ள எறங்கியிருந்தா?"

"போயிட்டான்" என்றார் மறுபடியும். "அதத்தான பாக்கப் போறோம்."

மஸ்கட்டில் புல்லே இல்லாத கிரவுண்டில் இருநூறு பேர் இருந்தார்கள். இருநூறு முகங்களையும் பார்த்தோம். இப்போது நானும் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்கும் ஆட்டம் போய்விட்டது. சேகர் ஏதோ ஒரு மாடத்தில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தக் கட்டடத்துக்கு அடியில் இருக்க வேண்டும். மூன்றாவதாக ஓர் இடம் கிடையாது.

அந்தக் கட்டடம் துபாயில்தான் இருந்தது, இருபத்திரண்டு மாடி. கீழே சூப்பர் மார்க்கெட், மேலே குடும்பங்கள். என் கம்பெனிக்கு அங்கே ஏசி பராமரிப்பு வேலை கிடைத்தபோது, எங்கள் பழைய சைட்டின் வரைபடம் ஒன்று அவரிடம் இருந்தது, அதைக் கொண்டுவரச் சொன்னேன். தெருவை மட்டும் சொன்னேன், எந்தக் கட்டடம் என்று சொல்லவில்லை. அது ஒரு சோதனை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு அதை நினைத்தால் கூசுகிறது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அரை மணி நேரம் நின்றுகொண்டிருந்தார். நான் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். பளிங்கு போட்ட வாசலில் ஏறுவதற்கு முன்பு குனிந்து செருப்பைக் கழற்றினார். கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு, விரல் நுனியில் நடந்து வந்தார். தூங்குகிறவர்கள் இருக்கும் வீட்டில் நடப்பது போல நடந்தார். செக்யூரிட்டி நேபாளி சிரித்தான். "பாய், மஸ்ஜித் நஹி ஹை", இது பள்ளிவாசல் இல்லை என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று நினைத்துத்தான் அபுதாபியில் அந்தப் பொய்யைச் சொன்னேன். புல் மேட்டில் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் குறிப்பாக யாரையும் காட்டாமல் கையை நீட்டினேன். "அண்ணே, அந்த மஞ்சள் கொடிக்குப் பக்கத்துல இருக்குறது நீங்க சொன்ன சேகர் மாதிரியே இல்ல?" ஓடிப் போவார், ஆள் அவன் இல்லை என்று தெரியும், அலுத்துப் போய் விட்டுவிடுவார். இப்படி ஒரு மடத்தனமான கணக்கு எனக்கு.

அவர் ஓடவில்லை. பைனாகுலரைக்கூட எடுக்கவில்லை. முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் காட்டிய திசைக்கு முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டு, மிக மெதுவாகக் கேட்டார்.

"கவரால் போட்டிருக்கானா தம்பி?"

கவரால் என்பது சைட்டில் போடும் முழு உடை. மேட்ச்சுக்கு யார் கவராலோடு வருவார்கள்? "இல்லண்ணே, டீ ஷர்ட்டு" என்றேன். அவர் மூச்சை விட்டார். "அப்ப அவன் இல்ல" என்றார். அன்றைக்கு ஊருக்குப் போன் போடவில்லை. திரும்பும்போது காரில் ஏறியதும் எண்ணினார். "ஒண்ணு, நான் ரெண்டு." பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. துபாய் வரும்வரை இன்னும் மூன்று தடவை திரும்பிப் பார்த்தார். நான் கண்ணாடியைப் பார்க்காமலே வண்டி ஓட்டினேன்.

பிறகு வேலைகள் படுத்த காலம் வந்தது. பாதியில் நின்ற கட்டடங்கள், பாதியில் ஊருக்குப் போன ஆட்கள். அவருக்கும் விசா கேன்சல் ஆனது. ஏர்போர்ட்டுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். பெட்டியை இறக்கிய பிறகு ஒரு பிளாஸ்டிக் பையை என்னிடம் நீட்டினார். உள்ளே பைனாகுலரும் அந்தக் கட்டம் போட்ட சட்டையும் இருந்தன. துவைத்து மடித்திருந்தது.

"இனிமே நீங்க போட்டுக்கிட்டுப் போங்க தம்பி. ஒங்களுக்குச் சரியா இருக்கும்."

"ஒங்க சட்டை எனக்கு எதுக்குண்ணே?"

"என்து இல்ல. அவன்து." செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மறுநா காலையில, உடுப்பு மாத்துற செட்டுல ஆணியில தொங்குச்சு. யாரும் பாக்குறதுக்கு முன்னாடி எடுத்துட்டேன். கூட்டத்துல சட்டையப் பாத்தான்னா வந்து கேப்பான்ல. என் சட்டைய எதுக்குண்ணே போட்டிருக்கீகன்னு வந்து கேப்பான்ல."

அவ்வளவுதான். வாசலில் உள்ளே போகும் வரிசையை ஒரு தடவை எண்ணிவிட்டு அதில் போய் நின்றுகொண்டார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

அறைக்கு வந்து சட்டையை விரித்தேன். நெஞ்சுப் பையில் ஏதோ தடித்து இருந்தது. பாலித்தீன் உறைக்குள் ஒரு டிக்கெட். ஷார்ஜா மேட்ச் டிக்கெட். கேட்டில் கிழித்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாதி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. கிழிக்கப்படவே இல்லை. இத்தனை வருடமும் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் ஊர் ஊராகப் போய் முகம் முகமாகத் தேடினார். போலீஸுக்குப் போயிருக்கலாம், சொல்லியிருக்கலாம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இப்போது அந்த டிக்கெட் என் கையில் இருந்தது. நானும் போகவில்லை. யாரிடம் போய், இருபத்திரண்டு மாடியையும் நகர்த்திவிட்டுப் பாருங்கள் என்பது? பயந்தாங்கொள்ளி என்று அவரைச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

மூன்று வாரம் கழித்து என் மொபைலில் ஊர் நம்பர் ஒன்று வந்தது. பெண் குரல். சத்தம் போட்டுப் பேசிப் பழகிய குரல்.

"அண்ணே, நான் சேகர் வீட்டுலேருந்து பேசுறேன். அண்ணன் ஊருக்கு வந்துட்டாரு, போய்ப் பாத்தேன். ஒண்ணும் பேச மாட்டேங்குறாரு. இனிமே நீங்கதான் பாப்பியன்னு ஒங்க நம்பரக் குடுத்தாரு."

டிக்கெட் எதிரே மேஜையில் கிடந்தது. "ம்" என்றேன்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்கண்ணே. ஊருல ஆளாளுக்கு ஒண்ணு பேசுறாவ. எம் மாமியா பொட்ட அழிங்கிறா. அவுக அன்னிக்கு மேட்ச்சுக்குப் போனாவளா, இல்லையா? போனாவன்னா எங்கயாச்சும் இருப்பாவ. நான் இருந்துக்குவேன். போகலன்னா போகலன்னு சொல்லிருங்க, அதுக்கும் இருந்துக்குவேன்."

சொல்லியிருக்க வேண்டும். அவள் அதைத் தாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் கேட்டாள். தயாராக இல்லாதவன் நான்தான்.

"போனார்மா" என்றேன். "டிக்கெட் இருக்கு. நான் பாத்தேன்."

அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் கேட்டது. பத்தொன்பதாவது ஆளுக்கு இரண்டாவது முறையாகவும் ஆஜர் போட்டாயிற்று, இந்தத் தடவை என் கையால்.

"அடுத்து எந்த ஊருண்ணே?"

"அபுதாபிம்மா. வர்ற வெள்ளிக்கிழமை."

"கிரவுண்டுலேருந்து போன் போடுங்க" என்றாள். "சத்தம் கேக்கணும்."

வெள்ளிக்கிழமை காலையில் அந்தச் சட்டையை எடுத்துப் போட்டேன். பொத்தான் எல்லாம் சரியாகப் பூட்டிக்கொண்டன.